ஏழு இருபது வண்டி

முப்பத்தோராவது உதைக்கு ஸ்கூட்டர் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். மணி ஆறு நாற்பது. குளிரில் மருந்துக்கடைக்காரரின் மூக்கு சிவந்திருந்தது, முதுகு வியர்த்திருந்தது.

வாசலில் கம்பளிச் சால்வையோடு அவருடைய மாமியார் நின்றார். பத்து நாளைக்கு வந்தவர். இது நாலாவது மாதம். நேற்று அவராகவே, "காலைல ஏழு இருபது வண்டிக்கு என்னை ஸ்டேஷன்ல விட்டுடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லியிருந்தார். அது எந்த வண்டி என்றுகூட மருமகன் கேட்கவில்லை. கேட்கப்போய் மனசு மாறிவிட்டால்? இப்போது அவர் கையில் பெட்டி இல்லாததையும் கவனித்தார். பெட்டியைப் பார்சலில் அனுப்பிக்கொள்ளலாம்.

"பஸ்ல போயிடட்டுமா மாப்பிள்ளை?"

"முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான் அத்தை. நான் இருக்கேன்ல."

"சாய்ச்சுப் பாருங்க சார்" என்றார் மாடிவீட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "ஒரு பக்கமா சாய்ச்சா பெட்ரோல் இறங்கும்."

சாய்த்தார். அவசரத்தில் ஸ்கூட்டர் படுத்தேவிட்டது. நிமிர்த்தியபோது பிளக் பெட்ரோலில் குளித்திருந்தது.

"கழட்டித் துடைச்சு அடுப்புல காட்டுங்க."

இடுக்கியில் பிடித்துக் காட்டினார். பக்கத்து அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இடுக்கி வழுக்கியது.

"பிளக்கைப் பாலுக்குள்ள போட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"எதுக்குங்க?"

ஆடை படர்ந்த பிளக்கைக் கரண்டியால் எடுத்துத் துடைத்து மாட்டினார். மணி ஆறு ஐம்பத்தாறு. அடுத்த பத்து உதைக்கு இருமல்கூட வரவில்லை.

"இனி தள்ளினாத்தான் உண்டு. ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்சைப் பிடிங்க. நான் சொன்னதும் விடணும்" என்றார் போலீஸ்காரர்.

பால்காரர், பேப்பர்காரர், எதிர்வீட்டு ஆசிரியர் எல்லாரும் தள்ளினார்கள். மாமியார் சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கை கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது என்று போலீஸ்காரர் இன்றைக்கும் சாட்சி சொல்வார்.

"விடுங்க."

விட்டார். ஸ்கூட்டர் அலறியது. கிளம்பிய புகையைப் பார்த்து, கொசுமருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று மூன்று தெருக்களில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

"அத்தை, ஓடி வந்து ஏறுங்க. நிறுத்தினா அணைஞ்சிடும்."

"எனக்கு அறுபத்திரண்டு வயசு மாப்பிள்ளை."

"மெதுவாத்தான் போறேன்."

புகைக்குள் இரண்டு வட்டம் அடித்தார். மூன்றாவதில் பின்சீட் தொபுக்கென்று அமுங்கியது.

"அத்தைதானே?"

"நான்தான். போங்க."

ஸ்டேஷனில் மணி ஏழு இருபது. ரயில் அப்போதுதான் வந்து நின்றது. மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, மூச்சு வாங்கியவரை முதல் பெட்டியின் படியில் ஏற்றினார். அவர் ஏதோ சொல்ல வந்தார்.

"அப்புறம் போன்ல பேசிக்கலாம் அத்தை. உள்ள போங்க, வண்டி எடுத்துடுவான்."

சுமைதூக்குபவர் ஒருவர் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியம்மாவை எங்க சார் ஏத்துறீங்க? இந்த வண்டி இங்கயே முடியுது. அங்க ஒரு பெரியவர், இவங்க வீட்டுக்காரர்தான் போலிருக்கு, நாலு டிரங்குப் பெட்டியையும் ஒரு மடக்குக் கட்டிலையும் இறக்கி வெச்சுட்டு, மாப்பிள்ளை எங்கன்னு தேடிட்டிருக்காரு."