ஏழடுக்கு லேஸ், நாற்பது கொக்கி

"உடை மனிதனை ஒன்றும் செய்யாது. மனிதன்தான் உடையை ஏதாவது செய்துகொண்டிருக்கிறான்."

இதை எழுதித்தான் பேராசிரியர் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜப்பானிய இளைஞர்களின் தெரு நாகரிகத்தைப் பற்றிப் பத்தொன்பது வருட ஆராய்ச்சி. பாவாடை அணியும் பையன்கள், கோட்டு மாட்டும் பெண்கள் என்று மூன்று புத்தகம். ஆனால் அங்கே வாங்கிய ஒரு சாக்ஸைக்கூட அவர் காலில் போட்டுப் பார்த்ததில்லை.

போட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் துறையிலேயே ஒருத்தி இருந்தாள். அவருடைய பழைய மாணவி, இப்போது உதவிப் பேராசிரியை. லேஸ் வைத்த கவுனில்தான் வகுப்புக்கு வருவாள். எது கேட்டாலும் முதலில் கழுத்து ரிப்பனைச் சரிசெய்வாள், பிறகுதான் பதில்.

"பாம்பை ஆராயறவன் தரையில ஊர்ந்தாம்மா வர்றான்?"

அவள் ரிப்பனைச் சரிசெய்தாள். "ஊர்ந்து பாத்தாதானே சார் தெரியும்?"

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் காட்சி அறையில் பொம்மை இடது கையைத் தூக்கியிருந்தது.

ஆளுயரப் பொம்மை. அதன்மேல் பேராசிரியரின் பொக்கிஷமான கறுப்பு வெல்வெட் கவுன். டோக்கியோவில் ஆறடித் தபால்கார இளைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் அணிந்தது. ஏழடுக்கு லேஸ், கழுத்தில் ரிப்பன், முதுகில் நாற்பது கொக்கி.

மூன்று மணிக்குத் தேர்வுக்குழு வருகிறது. முதலில் காட்சி அறை, நான்கு மணிக்குப் பேராசிரியர் அறையில் நேர்காணல். தேறினால் துறைத்தலைவர். தேறாவிட்டால் துறையையே மூடிவிட்டு, அவரைத் தையல் பிரிவில் பட்டன் வகைகள் பாடம் எடுக்க அனுப்பிவிடுவார்கள்.

"யாரும்மா இதோட கையைத் தூக்கி வெச்சது?"

"நான் தொடவே இல்லை சார். காலையிலேயே ரெண்டு தடவை இறக்கி விட்டேன்."

பேராசிரியர் கையை இறக்கினார். திரும்புவதற்குள் லேஸ் சரசரத்தது. கை மேலே இருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

"ஸ்க்ரூ லூஸ்" என்றார்.

"யாருக்கு சார்?"

டேப் ஒட்டினார். பிய்ந்தது. தோள் ஸ்க்ரூவைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கினார். பொம்மை பின்னால் சாய்ந்து விழுந்து முழங்கால் இரண்டும் மடங்கிக்கொண்டன. இனி உட்காரத்தான் லாயக்கு.

மணி இரண்டரை.

"நான் போட்டுட்டு நிக்கறேன் சார்" என்றாள்.

"உன் உயரத்துக்கு அது தரையைப் பெருக்கும்."

அறையில் ஆறடி இருந்தது ஒரே ஒரு ஆள். அவள் பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது அணியறது இல்லம்மா. காட்சிக்கு வைக்கறது" என்றார் பேராசிரியர்.

"புரியுது சார்."

பேராசிரியரின் கோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் பொம்மைக்கு மாட்டி, அவருடைய அறை நாற்காலியில் ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்தார்கள். குழு வரும்போது கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், சார் யோசனையில் இருக்கிறார் என்று நினைக்கட்டும்.

கவுன் பேராசிரியருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. உள்ளே இளஞ்சூடு, யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி. அவள் நாற்பது கொக்கியையும் மாட்டி, விக் வைத்து, முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பினாள்.

குழு வந்தது. பொம்மையின் இடத்தில் நின்ற பேராசிரியர் மூச்சை அடக்கினார். அடக்கிய பிறகு, விட வேண்டும் என்றே தோன்றவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அவருடைய இடது கை மெல்ல மேலே போனது. அவர் தூக்கவில்லை.

"ஆட்டோமேட்டிக்கா? பிரமாதம்!" என்றார் குழுத்தலைவர்.

உறுப்பினர் அம்மாள் ஒருவர் அவர் கன்னத்தில் விரலால் தட்டினார். டிங் என்றது.

"ஒசத்திப் பீங்கான்" என்றார் அம்மாள்.

குழுவை டீக்கு அழைத்துப் போனாள் உதவிப் பேராசிரியை. ஐந்து நிமிடத்தில் வந்து கொக்கிகளைக் கழற்றுவதாகக் கண்ணாலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

வரவில்லை. பேராசிரியர் முதுகுக்குப் பின்னால் கையை வளைத்தார், எட்டவில்லை. சுவரில் தேய்த்தார், லேஸ் கிழியும் போலிருந்தது. போன் கோட்டுப் பையில். வெளியே ஓடலாம் என்றால் வராந்தா முழுக்க மாணவர்கள். மணி நாலரையும் ஆனது.

சாவிக்கொத்தோடு அலுவலக உதவியாளர் உள்ளே வந்தார். இந்த வளாகத்தில் பேராசிரியருக்குப் பத்தொன்பது வருடமாக வணக்கம் சொல்பவர்.

"என்னம்மா, இன்னும் இங்கேயே நிக்கறே? பூட்டணும்."

"யோவ், கமிட்டி எனக்காகக் காத்திருக்கும்! சீக்கிரம் பின்னால கொக்கியைக் கழட்டு!"

"கமிட்டியா? டீகூடக் குடிக்காம நேரா சார் ரூமுக்குப் போயி, எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்களே. எப்பவும் குறுக்கே குறுக்கே பேசற மனுஷன், இன்னிக்கு ஒரு வார்த்தை பேசலையே! அத்தனையும் பொறுமையாக் கேட்டார். தலைவர் பொறுப்பை ஏத்துக்கறீங்களான்னாங்க. அழகா இடது கையைத் தூக்கினார். எல்லாரும் கை தட்டினாங்க. உன் மேடம்கூட அங்கேதான் ஸ்வீட் குடுத்துக்கிட்டு இருக்காங்க... அது சரி, நீ யாரும்மா?"

பேராசிரியர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன், கழுத்து ரிப்பனைச் சரிசெய்துகொண்டார்.