பதினாலுக்கு ஒன்று

ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவருக்கு, சறுக்கிக்கொண்டு போனால் நிற்கத் தெரிய வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிற்கத் தெரிந்திருந்தால் என் வாழ்நாளின் ஒரேயொரு கோலை நான் அடித்திருக்கவே மாட்டேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த சென்ட் லோரன்டில், எங்கள் தொடர்மாடியில் இருந்த நேசன் மாமா, "எங்கட பிள்ளையளை ஒரு ரீமும் எடுக்குதில்லை. நாங்களே ஒண்டு துவங்குவம்" என்று தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணி அமைத்தார். பயிற்சியாளரும் அவரே. (மனுசன் சறுக்குச் சப்பாத்தைக் காலில் மாட்டியதே இல்லை. ஓரத்தில் நின்று கத்துவார்.) விழுந்தால் நிறைய இடத்தை அடைப்பேன் என்று என்னைக் கோல் கீப்பராக்கினார்.

முதல் போட்டி கர்க்லாண்டில். கடைசிப் பகுதி தொடங்கும்போது பதினாலுக்குப் பூச்சியம். நடுவர் மாமாவிடம் வந்து, பிள்ளைகள் பாவம், இத்தோடு நிறுத்துவோமா என்று பிரெஞ்சில் கேட்டார். எதிரணிப் பெடியன் ஒருவன் என் தலைக்கவசத்தில் ஆறுதலாகத் தட்டினான். அந்தத் தட்டல்தான் எனக்கு விசரைக் கிளப்பியது.

"மாமா, நிப்பாட்ட ஏலாதெண்டு சொல்லுங்கோ!"

"ஓம் பிள்ளை, ஆர் நிப்பாட்டுறது?" என்றவர், நடுவரைப் பார்த்து "நோன், மெர்சி" என்றார். (வேண்டாம், நன்றி. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அது.)

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு என் காலடியில் வந்து நின்றது. நம் ஆள் யாருக்காவது தள்ளிவிட்டிருக்க வேண்டும். தள்ளவில்லை. கோலை விட்டு நானே வெளிக்கிட்டேன். கவசமெல்லாம் போட்ட அலுமாரி ஒன்று பாய்ந்து வருவதைக் கண்டு எதிரணி விலகி வழிவிட்டது.

"நில்லடி! நில்லடி!" என்று பார்வையாளர் வரிசையிலிருந்து அம்மா கத்தினார்.

எப்படி நிற்பது? மாமா அதை இன்னும் படிப்பிக்கவில்லையே! வட்டும் நானும் அவர்களின் கோல் கீப்பரும் ஒன்றாக வலைக்குள் போனோம். வலை பின்னாலிருந்த சுவரில் போய் மோதியது.

எங்கள் சனம் எழும்பி நின்று கூத்தாடியது. நடுவரோ கையை விரித்தார். கோல் கீப்பர் நடுக்கோட்டைத் தாண்டி வட்டைக் கொண்டுபோகக் கூடாதாம். கோல் செல்லாது. எனக்குத் தண்டனை வேறு!

அடுத்த கிழமை பாதிப் பெற்றோர் பிள்ளைகளை மறித்துவிட, அணி கலைந்தது.

இன்றும் கலியாண வீடுகளில் நேசன் மாமா என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்: "எங்கட ரீமின்ர கோல் முழுக்க அடிச்சவ இவதான்!"

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். "அம்மா, சட்டப்படி அது கோல் இல்லை" என்று என் மகன் மட்டும் போனில் விதியைத் தேடிக் காட்டுகிறான்.

"அந்தச் சட்டம் எழுதினவர் வலைக்குள்ள கிடந்தவரோ?" என்பேன். "நான் கிடந்தனான்."