கருத்து நிருபர் சம்பந்தம்

ஒன்றைப் பார்க்கப் போகாமலே அதைப் பற்றி எழுதிவிடும் இனம் ஒன்று நம்மிடையே உண்டு. கருத்து நிருபர் என்று பெயர். ஆரணியில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் சம்பந்தம். காலையில் பல் தேய்க்குமுன் போனைத் தேய்த்து, போளூரில் பஸ் பள்ளத்தில் இறங்கினாலும் சந்தவாசலில் மின்கம்பம் சாய்ந்தாலும் டீக்கடை பெஞ்சை விட்டு இம்மியும் நகராமல் காரணம் கண்டுபிடித்து, 'என் பார்வையில்' என்று ஆரம்பித்து வலைப்பூவில் ஏற்றி, ஊரிலுள்ள வாட்ஸப் குழுக்களுக்கெல்லாம் தள்ளிவிட்ட பிறகுதான் இரண்டாவது டீயைத் தொடுவார். ஸ்கூட்டரில் கொட்டை எழுத்தில் 'பிரஸ்'.

ஆதாரம் கேட்டுப் பாருங்கள். "அது என் கருத்துங்க." சரி, தப்பாக இருக்கிறதே, எடுத்துவிடுங்கள் என்றால்? "பத்திரிகை சுதந்திரத்துல கை வெக்கறீங்களா?" எந்தப் பக்கம் அடி விழுகிறதோ, அதை விட்டு அடுத்த பக்கம் தாவிவிடுவார்.

போன மாதம் அவர் பார்வை ஹேமலதா மேல் விழுந்தது. டீக்கடைக்கு எதிர்வீட்டில் கைத்தறியில் பட்டு நெய்பவர். அந்தப் பக்கமிருந்து விசைத்தறிச் சத்தம் வந்ததாம். போதாதா? 'என் பார்வையில், கைத்தறி என்று விற்கும் அந்த வீட்டில் ஓடுவது விசைத்தறி.' முகூர்த்தப் புடவைக்குச் சொல்லியிருந்த தேவிகாபுரத்துக்காரர்கள் மறுநாளே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். புடவை தறியில் பாதியில் நிற்கிறது.

ஹேமலதா நேரே டீக்கடைக்கே வந்தார்.

"அண்ணா, நாலு எட்டு வெச்சு உள்ள வந்து பாத்துட்டு எழுதியிருக்கலாமே?"

"நான் கருத்து எழுதறவன்மா. வந்து பாக்கறதெல்லாம் நிருபர் வேலை."

"அப்ப வண்டியில இன்னா ஒட்டிகினு சுத்தறீங்க?"

சம்பந்தம் வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது. பின்தெரு விசைத்தறிகள் மொத்தமும் ஒரே மூச்சில் அடங்கின. டீக்கடை ஃபேனும் நின்றது. அந்த அமைதியில் ஹேமலதா வீட்டுக்குள்ளிருந்து மட்டும், அவர் கணவர் பாலு மிதிக்கும் இன்னொரு தறி தன் பாட்டுக்கு நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் சம்பந்தத்தைப் பார்த்தோம். சொல்வதற்கென்ன, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பவாவது வந்து பாருங்கண்ணா," என்றார் ஹேமலதா.

சம்பந்தம் போனை எடுத்தார். மன்னிப்புதான் எழுதுகிறார் என்று நம்பினேன். கரண்ட் வருமுன் பதிவு வந்தது: 'என் பார்வையில், அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.'

மதியத்துக்குள் அதற்கு நாற்பது கட்டைவிரல்கள். நாற்பது பேரில் ஒருவராவது அந்த வீட்டுப் படி ஏறினாரா? இல்லை. தேவிகாபுரத்துக்காரர்களும் திரும்ப வரவில்லை.

உங்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். சம்பந்தம் எப்பேர்ப்பட்ட ஆள் என்று இந்நேரம் தீர்மானித்தும் இருப்பீர்கள். ஒன்று கேட்கிறேன்: அவரை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?