ஞாயிறு பள்ளிக்கு ஒரு எருமை

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஜன்னல்களுக்கு நான் பெயிண்ட் அடிப்பதில்லை என்று தீர்மானித்தேன். வருடா வருடம் பெயிண்டர் டெனிஸ் வந்து அடிப்பார். இந்த வருடம்தான் என் மனைவி சாராளுக்கு விபரீத யோசனை வந்தது.

"லீவுல சும்மாதானே இருக்கீங்க? நீங்களே அடிங்க."

"எனக்கு பிரஷ் பிடிக்கவே தெரியாதே."

"தினமும் பல் தேய்க்கிறீங்கல்ல?"

வீட்டில் பேசி ஜெயிக்க முடியாது. சர்ச்சுக்குப் போனேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எந்த மனைவியும் சர்ச் வேலையைத் தடுக்க மாட்டாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வேண்டும் என்றார்கள். கயிறு கட்டி இழுக்கிற மர எருமை பொம்மை செய்து தருகிறேன் என்று கை தூக்கினேன். யார் ஹாரன் அடித்தாலும் நடுரோட்டில் அசையாமல் படுத்திருக்கும் முடிச்சூர் எருமைகள் மேல் எனக்கு எப்போதுமே தனி மரியாதை.

"அப்போ ஜன்னல்?"

"கர்த்தருடைய வேலை முதல்ல, சாராள்."

"அதுவும் சரிதாங்க."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ அந்த சந்தோஷத்தில் பிரியாணி கேட்டேன். அதுவும் கிடைத்தது.

பலகையை அறுத்தேன். சக்கரம் மாட்டினேன். அச்சில் ஒரு கட்டையைப் பொருத்தினேன். சக்கரம் உருள உருள அது கழுத்தை இடிக்கும், தலை மேலும் கீழும் ஆடும். வாலுக்குத் தனியாக ஒரு கம்பி. சாராள் டீயோடு வந்து நின்றாள்.

"கொம்பு சொரசொரன்னு இருக்கு. பிள்ளைங்க கையைக் கிழிச்சிடும். இன்னும் உப்புத்தாள் போடுங்க."

போட்டேன்.

"ஆணிக் குழி தெரியுதே. பட்டி வச்சு அடைங்க."

அடைத்தேன்.

"ப்ரைமர் இல்லாம பெயிண்ட் நிக்காதுங்க."

"எருமைக்கு எதுக்கு ப்ரைமர்?"

"கர்த்தர் பாப்பாரு."

ப்ரைமர் அடித்தேன். கறுப்பு எனாமல் இரண்டு கோட்டும் அடித்தேன். கயிற்றைப் பிடித்து ஹாலில் இழுத்தால், எருமை வாலை வீசி, தலையை ஆட்டி வந்தது. எனக்கே என் மேல் காதல் வந்துவிட்டது.

"ஒரு சொட்டு வழியல. பிரஷ் கோடு கூடத் தெரியல," என்றாள் சாராள்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? இடது கையால செய்வேன்."

"அதாங்க. ஜன்னலும் மரம்தானே."

பால்கனிக்கு ஓடிப்போய் டெனிஸுக்கு ஃபோன் போட்டேன்.

"டெனிஸ், நாளைக்கே வந்துடுங்க. ஜன்னல் வேலை."

"இன்னா சார் நீங்க, அக்கா அப்பவே வராதன்னுட்டாங்களே. 'சார் எருமைல கத்துக்கினு கீறாரு, அப்புறம் ஜன்னலுக்கு வருவாரு'ன்னாங்க."

"எப்போ சொன்னா?"

"நீங்க சர்ச்சுல கை தூக்குன அன்னிக்கே சார். உப்புத்தாளு, பட்டி எல்லாம் நான்தான் குடுத்தனுப்புனேன். நல்லா வந்துச்சா சார்?"

திரும்பினேன். சாராள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆரம்பிக்கலாமாங்க?"

தலையாட்டினேன். எனக்குக் கயிறு கூடத் தேவைப்படவில்லை.