எடைக்கு எடை

சமத்துவம் மலை உச்சியில் பிறக்கவில்லை, மாநாட்டு மேடையிலும் பிறக்கவில்லை. எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியில், ஓடாத லிஃப்டுக்கு எதிரே இருக்கும் 'ஆழ்கடல் அனைவருக்கும்' திட்டத்தின் கூட்ட அறையில்தான் பிறந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கடல் தெரியாது. பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஆழத்தைப் பற்றிச் சிந்திக்க அதுவே போதும் என்பது எங்கள் இயக்குநரின் கொள்கை.

இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆழம்'. முழங்காலுக்கு மேல் கடல் நனைத்திராத மனிதர். படகைப் படத்தில் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். அப்படிப்பட்டவர் ஆழ்கடலுக்காக வாழ்க்கையையே அர்ப்பணித்திருக்கிறார் என்றால், தியாகம் என்பது வேறென்ன?

உலகத்தில் ஆழ்கடலுக்குள் போகிறவர்கள் எல்லாரும் பணக்கார நாட்டுக்காரர்கள். நம் ஆராய்ச்சியாளர்கள் அவர்கள் எடுத்த வீடியோவைப் பார்த்துக் கட்டுரை எழுதி, கடைசிப் பக்கத்தில் அவர்களுக்கே நன்றியும் சொல்வார்கள். இந்த அநீதியைப் போக்க வெளிநாட்டுக் கப்பல் ஒன்று முன்வந்தது. அதன் நீர்மூழ்கிக் கலத்தில் மூன்று இருக்கைகள். ஒன்று ஓட்டுநருக்கு, ஒன்று அவர்கள் விஞ்ஞானிக்கு. மூன்றாவது நமக்கு. 'இதுவரை வாய்ப்பே கிடைக்காதவருக்கு' என்று ஒப்பந்தம் சொன்னது.

வாய்ப்பே கிடைக்காதவரைத் தேடி யாரும் அலையவில்லை. நான் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். ஆராய்ச்சி, ஆழத்தில் வாழும் ஒரு கடல் அட்டையைப் பற்றி. இத்தனை வருஷமும் அதைப் பாட்டிலுக்குள் வெளுத்துச் சுருங்கித்தான் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது அது என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். என் பேராசை அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா பாதாளச் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுக்கிறவர்.

"ரொம்ப கீழயாம்மா?"

"ரொம்பப்பா. வெளிச்சமே இருக்காது."

"காத்து?"

"உள்ளயே குடுப்பாங்க."

அப்பா என்னையே பார்த்தார். "காத்தெல்லாம் குடுக்கறாங்களா!" என்றார். "அப்ப தைரியமா போயிட்டு வா."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த வீட்ல ஒருத்தர் கீழ எறங்குறது பத்தாதா? இதுக்குத்தான் இவ்ளோ படிச்சியா?"

நீர்மூழ்கிக் கலம் எடைக் கணக்கில் ஓடுவது. ஏறுகிறவர்களின் எடை சரியாகத் தெரிந்தால்தான் நேராக இறங்கும். வேலை முடிந்ததும் அடியில் கட்டியிருக்கும் பாரத்தைக் கடல் தரையிலேயே கழற்றி விட்டால்தான் மேலே எழும்பும். ஆகவே என் எடை அலுவலகத்தின் பொதுச்சொத்து ஆனது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு துணை இயக்குநர் மேடத்துக்கு.

"நேத்தவிட ஏறியிருக்கியேம்மா?"

"தண்ணி குடிச்சேன் மேடம்."

"யாரக் கேட்டுக் குடிச்ச?"

வீட்டில் அம்மா இன்னொரு கரண்டி போட வந்தால் தட்டை மறைத்துக்கொண்டேன். கடல் அட்டைக்காக விரதம் இருந்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஹெல்மெட் மாட்டிவிட்டு என்னைப் படம் எடுத்தார்கள். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

கப்பல் கிளம்பும் வாரம் அவசரக் கூட்டம்.

"ஒரு சின்னச் சிக்கல்மா," என்றார் ஆழம். "ஏற்கெனவே கீழ போயிட்டு வந்தவங்கதான் போகணும்னு இன்சூரன்ஸ்காரன் சொல்றான்."

"போகாதவங்களுக்குத்தானே சார் இந்தத் திட்டமே?"

"கொள்கையில ஒரு மாத்தமும் இல்ல. நீ ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துடு, அப்புறம் உன்னை யாரு தடுக்கப் போறா?"

"அந்த ஒரு தடவ எப்படி சார் போறது?"

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார். "இந்தத் திட்டம் எவ்வளவு தேவைங்கறதுக்கு இதவிட சாட்சி வேணுமா?"

மேடம் கைதட்டினார். நான் விடவில்லை.

"எங்கப்பா வாரா வாரம் கீழ எறங்குறார் சார். அவர்கிட்ட எந்த இன்சூரன்ஸ்காரனும் வந்து அனுபவம் கேக்கலியே?"

"அது வேற ஆழம்மா," என்றார் ஆழம்.

ஆனால் ஓட்டுநருக்குக் கணக்கு இடித்தது. ஓர் ஆள் குறைந்தால் கலம் சாயும். அங்கேதான் மேடத்தின் உழைப்பு கைகொடுத்தது. என் எடைக்கு எடை மணல் நிரப்பி ஒரு மூட்டை தைத்தார்கள். அதைக் கப்பலுக்கு அனுப்பி, கலத்துக்கு அடியில் பாரத்தோடு பாரமாகக் கட்டுவதாக ஏற்பாடு. பிரதிநிதித்துவம் கெட்டுவிடக் கூடாதே என்று என் அடையாள அட்டையை அதன் கழுத்தில் மாட்டினார்கள்.

"எவ்ளோ அடக்கமா இருக்கு பாருங்க சார்," என்றார் மேடம். "குறுக்குக் கேள்வியே கேக்காது."

மூன்றாவது இருக்கையில் வெளிநாட்டு விஞ்ஞானி தன் கோட்டை மடித்து வைத்தாராம்.

கூட்ட அறைத் திரையில் நேரடி ஒளிபரப்பு. முதல் அலையைப் பார்த்ததுமே ஆழம் கண்ணை மூடிக்கொண்டார். கலம் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. தரை வந்ததும் விளக்கைப் போட்டார்கள். அங்கே, சேற்றின் மேல் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது என் அட்டை.

கத்தரிப்பூ நிறம். ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவியது. நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன்.

"தலை மறைக்குதும்மா," என்றார் மேடம்.

வெளிநாட்டு விஞ்ஞானி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு மேலே கிளம்பும் நேரம். ஓட்டுநர் விசையை இழுத்தார். பாரம் கழன்றது. என் மூட்டை, என் பெயரோடும் போட்டோவோடும், நிதானமாகக் கீழே போய் நேராக அட்டையின் மேல் உட்கார்ந்தது. சேறு கிளம்பி அடங்கியது. அட்டையைக் காணோம். அடையாள அட்டையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அறை முழுக்கக் கைதட்டல். ஆழம் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்றார்.

மறுநாள் அறிக்கை வெளியானது. 'நமது பெண் ஆராய்ச்சியாளருக்கும் அரிய உயிரினத்துக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. கடலடியில் மிக நீண்ட காலம் தங்கும் உலக சாதனையை அவர் தொடர்ந்து நிகழ்த்தி வருகிறார்.' இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அடுத்த கட்டமாக இன்னும் பல ஏழை நாடுகளுக்கு இந்த வாய்ப்பை விரிவாக்கப் போகிறார்களாம். மணல் எல்லா நாட்டிலும் கிடைக்கிறது.

வீட்டில் அப்பா வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"கடைசியில நீ கீழ போகவே இல்லியாம்மா?"

"போனேன்பா," என்றேன். "அவங்க மேல வரணும்னா, நாம கீழயே கெடக்கணுமாம்."