வெடிப்புக்குள் போன கால்

என் வலது கால் வெடிப்புக்குள் போய்விட்டது. முழங்கால் வரை. மிச்ச உடம்பு கிழக்கே போகப் பார்த்தது. பட்டம் அந்தப் பக்கம்தான் இழுத்தது.

பட்டத்தை ஏன் இடுப்பில் கட்டினாய் என்று கேட்பீர்கள். டிவியில் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் கடலில் பலகை மேல் நின்றுகொண்டு, கூரை அளவு பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள். எங்கள் ஊர் இடைசெவலுக்குக் கடல் வரவில்லை. காற்று வருகிறது. ஆடியில் இங்கே வேட்டியைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்தேன். மூங்கில் வைத்தேன். மாடு கட்டும் கயிற்றைக் கட்டினேன். அறுபது தாண்டியவனுக்கு வேறென்ன வேலை?

ஊருக்குக் கிழக்கே என் காடு, மானாவாரி நிலம். விதைப்புக்கு முன்னால் வெறும் கரிசல். மரம் இல்லை, மின்கம்பி இல்லை. ஆடி பிறந்தால் ஊரே அங்கே வந்து பட்டம் விடும். தெரிந்தவனும் விடுவான், தெரியாதவனும் விடுவான். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பார்கள். கீழே பூமி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி பாண்டியம்மாள் வாசலில் நின்றாள்.

"என்னங்க காலுல?"

"கிடா முட்டிட்டு."

"எந்தக் கிடா?"

"உன் தம்பி கிடாதான். வேற எவன் கிடாவுக்கு அவ்வளவு திமிரு?"

அவள் தம்பி மாடக்கண்ணு. ஒரு மந்தை ஆடு வைத்திருக்கிறான். எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. காரணம் மறந்துவிட்டது. கோபம் மறக்கவில்லை. அவன் ஆடு என் காட்டில் கால் வைக்கக்கூடாது.

காலுக்கு எண்ணெய் போட்டாள். இடுப்பையும் ஒரு பார்வை பார்த்தாள். நம்பிவிட்டாள்.

அதே வாரம் பக்கத்து வீட்டு அழகிரிசாமி வெடிப்பில் விழுந்தான். ஊரே பார்த்தது. எனக்குக் கொஞ்சம் வலி குறைந்தது. மறுநாள் பானு என்ற பிள்ளை, அப்போதுதான் பழகுகிறவள், தடுக்கி விழுந்து நூலை விட்டாள். அது பாதையில் பைக்கில் போனவன் காதைக் கீறியது. பஞ்சாயத்துத் தலைவர் பூவனலிங்கம் வந்து கத்தினார். இனிமேல் பட்டமே கிடையாது என்றார்.

ஆடியில் பட்டம் இல்லையா? விடுவேனா? ஊரைக் கூட்டினேன். சங்கம் ஆரம்பித்தேன். சங்கத் தலைவர் நான். சட்டம் போட்டேன்.

"ஒண்ணு. இடுப்புல கயிறு கட்டக்கூடாது."

"எவன் கட்டுதான் அண்ணாச்சி?" என்றான் அழகிரிசாமி.

"எவனாவது கட்டுவான். ரெண்டு. பாதைப் பக்கம் ஒருத்தரும் நிக்கக்கூடாது. கத்துக்குட்டியெல்லாம் கிழக்க. நூல் அறுந்தா ஆளில்லாத பக்கம் போகட்டும். தேர்ந்தவுக மேற்க. மூணு. இந்த ஆடியில விழுந்தவன் எவனும் கத்துக்குட்டிதான். தேர்ந்த ஆளு பக்கத்துல நிக்காம நூலைத் தொடக்கூடாது."

மூன்றாவதை அழகிரிசாமியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பூவனலிங்கம் தலையாட்டினார். "சட்டமெல்லாம் சரி. வெடிப்பு சட்டத்துக்குக் கட்டுப்படுமா? அது தூருத வரைக்கும் ஒரு பயலும் பட்டம் தூக்கக்கூடாது."

வெடிப்பு மழை பெய்தால்தான் தூர்ந்து மூடும். மழை ஐப்பசியில். ஐப்பசியில் பட்டம் விட்டால் நனைந்த அப்பளம். பானு அழுதாள். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் பாண்டியம்மாள் சோறு வைத்தாள்.

"தம்பிகிட்ட தண்டம் கேட்டுட்டேன்."

"எதுக்கு?"

"புருசன கிடா முட்டியிருக்கு. சும்மா விட முடியுமா? நம்ம காட்டுல கிடை போடச் சொல்லிட்டேன். கூலி கிடையாது."

கிடை என்றால் ராத்திரி மந்தையைக் காட்டில் அடைத்து வைப்பது. புழுக்கை உரமாகும்.

"அவன் ஆடு என் காட்டுலயா? ஏட்டி, நடக்காது!"

"அப்ப கிடா முட்டலையா?"

இன்னொரு கவளம் உருட்டினேன்.

"முட்டுச்சு."

"முட்டுச்சுல்லா? அப்ப கிடை போடட்டும்."

மாடக்கண்ணு வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தினம் ஒரு இடமாகக் கிடையை மாற்றி மாற்றிப் போட்டான். மந்தை மிதித்த மிதியில் வெடிப்பின் ஓரமெல்லாம் உடைந்து உள்ளே விழுந்தது. புழுக்கையும் புழுதியும் நிரம்பியது. காடு களம் மாதிரி ஆனது. பூவனலிங்கம் வந்து நடந்து பார்த்தார். ஓங்கி மிதித்தும் பார்த்தார்.

"விடுங்கலே பட்டத்த!"

ஊர் திரண்டது. கத்துக்குட்டிகள் கிழக்கே போனார்கள். நான் மேற்கே நடந்தேன்.

"இவிய எங்க மேற்க போறாவ?" என்று பின்னால் ஒரு குரல். பாண்டியம்மாள்.

"சங்கத் தலைவர்ட்டி."

"மூணாஞ் சட்டம் என்ன?"

"நான் எங்க விழுந்தேன்? என்னைக் கிடாதான முட்டுச்சு!"

"ஏலே மாடக்கண்ணு, உன் கிடா இடுப்புல கயிறு கட்டி இழுத்துட்டா முட்டும்?"

"அவ்வளவு படிப்பு அதுக்கு ஏதுக்கா?"

"இடுப்பச் சுத்திக் கயித்துத் தடம். எண்ணெய் போட்டவ நான்லா?"

ஊர் சிரித்தது. அழகிரிசாமி உட்கார்ந்து சிரித்தான். "வாங்க அண்ணாச்சி, இங்கன கிழக்க நல்ல எடம் இருக்கு."

கிழக்கே போனேன். பக்கத்தில் நிற்கத் தேர்ந்த ஆள் வேண்டுமே. ஒருத்தனும் வரவில்லை. பாண்டியம்மாள் சேலையைச் சொருகிக்கொண்டு பானுவின் பட்டத்தை வாங்கினாள். ஒரே சுண்டு. மேலே போய் நின்றுவிட்டது, ஆணி அடித்த மாதிரி.

"ஏட்டி, எங்க படிச்ச?"

"ஆடு மேய்க்கையில. ஆடு பாட்டுக்கு மேயும். நாள் பூரா நான் என்ன செய்ய?"

பானுவிடம் நூலைக் கொடுத்தாள். பட்டம் இறங்கவில்லை. பிள்ளை பின்னால் நடந்தாள், வானத்தைப் பார்த்துக்கொண்டே. விழவில்லை. பூவனலிங்கம் கை தட்டினார். அந்த ஆடி முழுக்க ஒரு கால்கூடச் சுளுக்கவில்லை.

நான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூலைத் தொடலாமா என்று தினமும் கேட்டேன்.

"அடுத்த ஆடியில பாப்போம்" என்றாள், புதிய சங்கத் தலைவர் பாண்டியம்மாள்.