சேவ் பட்டன் நழுவிய ஞாயிறு

"தம்பி, இந்த சேவ் பட்டன் ஏனுங்க கீழ நழுவிப் போகுது?"

தேவானந்தம் கேட்டதும் ஜெஃபினுக்கு வியர்த்துவிட்டது. கருமத்தம்பட்டியில் முப்பது தறி ஓட்டுகிற மனிதர். அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிற தறிக் கணக்குக்குத் தீம் என்கிற புதுத் திரைத்தோற்றம் போட்டுத் தருவதாகச் சொல்லி, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்திருந்தான். உண்மையில் வந்தது அவர் மகள் கரோலினைப் பெண் கேட்க. சொந்தமாகச் செய்த தீம் ஒன்றைக் காட்டி அசத்திவிட்டு, அந்தச் சூட்டோடு பேச்சை எடுப்பதாகத் திட்டம். "அப்பா யாருகூடவும் பத்து நிமிஷத்துக்கு மேல உக்கார மாட்டாரு" என்று கரோலின் எச்சரித்திருந்தாள்.

"ரெண்டே நிமிஷமுங்க, அங்கிள்."

பட்டனை மேலே ஏற்றினான். சமர்த்தாக ஏறியது. உடனே திரையின் மேல்வரிசை டேப்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. 'நூல்' என்பதைத் தொட்டால் 'துணி' திறந்தது.

"நூலைத் தொட்டதும் துணியே வந்துருதுங்களே! என்ற தறிகூட இத்தன வேகமில்லீங்க."

டேப்களைப் பிரித்தான். பிரிந்தன. பட்டன்கள் மொத்தமும் காணாமல் போயின. தேவானந்தம் திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கதான இருந்துச்சு?"

"வருமுங்க அங்கிள்... வந்துருமுங்க."

"சாப்பிட்டுட்டுப் பாருங்க தம்பி, அதெங்க போயிரும்?" என்று இலை போட்டாள் அவர் மனைவி சூசைமேரி.

பள்ளிபாளையம் சிக்கனைப் பிசைந்துகொண்டே திரையைப் பார்த்தான். கரோலினாவது வந்து கைகொடுக்கக் கூடாதா? அவளோ அவசர ஆபீஸ் வேலை என்று காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சக்காரி!

சாப்பாட்டுக்குப் பிறகு பட்டன்கள் திரும்பி வந்தன, ரோஸ் நிறத்தில், நடுங்கிக்கொண்டே. தேவானந்தம் வாய்விட்டுச் சிரித்தார்.

"அதுக்கு ஏன் தம்பி மூஞ்சி வாடுது? நான் மொதத் தறி போட்டப்ப மூணு நாளு நூலு அந்துட்டே கெடந்துச்சுங்க. தறியப் புடிச்சுட்டு அழுதுபோட்டேன்."

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு முழுக் கதையையும் சொன்னார். நடுவில் முறுக்கு வந்தது. ஜெஃபினும் சிரித்தான். சிரித்து முடித்துத் திரும்பினால் டேப்கள் தலைகீழாகத் தொங்கின.

மணி நாலு. ஜெஃபின் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

"முடியலைங்க அங்கிள். கம்ப்யூட்டர் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. தீமு நான் செஞ்சது. தப்பும் என்னுதுதானுங்க."

ஒரு பட்டனை ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவனுக்கு எந்த அப்பன் பெண் கொடுப்பான்? வந்த விஷயத்தை விழுங்கிக்கொண்டு பையை எடுத்தான். அழுகையே வரும்போல இருந்தது.

தேவானந்தம் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அட, இருங்க தம்பி. இன்னிக்கு இல்லாட்டி அடுத்த ஞாயித்துக்கெழமை சரி பண்ணிக்கலாம்."

அப்போது, மகளுக்குக் காபி கொடுக்க உள்ளறைக்குப் போன சூசைமேரியின் குரல் வாசல்வரைக்கும் கேட்டது:

"போதும் அம்மணி, அவரு சரி பண்ணப் பண்ண நீ இங்கிருந்தே லேப்டாப்புல அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து கலைச்சுட்டே இருந்தது. உங்கப்பாவும் மாப்பிள்ளையும் நல்லாப் பழகிட்டாங்க!"